முழங்கால் சத்திரசிகிச்சையும் மூன்று மாதக் கடைக் கணக்கும்

புறக்கோட்டையில் முப்பது வருடம் கடையில் நின்றவனுக்கு சீனி வருத்தமும் முழங்கால் நோவும் சீதனம் மாதிரி வந்து சேரும் என்று எனது வாப்பா சொல்வார். அவருக்கு இரண்டும் இருந்தன. எனக்கும் இரண்டும் வந்தன.

இந்தப் பக்கத்தில் வழமையாக வற் வரி, வங்கி வட்டி, டொலர் விலை என்றுதான் எழுதப்படும். இம்முறை ஒரு முழங்காலைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். வாசகர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இதுவும் வியாபார விடயம்தான் என்பது போகப் போக விளங்கும்.

எனது கடை இரண்டாம் குறுக்குத் தெருவில் இருக்கிறது. சாரம், சட்டைத்துணி, படுக்கை விரிப்பு ஆகியவற்றின் மொத்த வியாபாரம். பழைய கட்டிடம். கீழே கடை, மேலே களஞ்சியம், இடையில் 19 மரப்படிகள். அதை ஏணி என்று சொன்னாலும் தவறில்லை. 1986 இல் வாப்பாவுடன் கடைக்கு வந்த நாளிலிருந்து அந்தப் படிகளில் ஒரு நாளைக்குக் குறைந்தது இருபது தடவையாவது ஏறி இறங்கியிருப்பேன். மிகுதி நேரம் சீமெந்துத் தரையில் நிற்பதுதான். கதிரையில் உட்கார்ந்து வியாபாரம் செய்பவனை வாப்பாவுக்குப் பிடிக்காது.

2019 இல் எக்ஸ்ரே எடுத்தபோது, வலது முழங்காலில் எலும்புகளுக்கு இடையே மெத்தை போல் இருக்க வேண்டிய குருத்தெலும்பு முற்றாகத் தேய்ந்துவிட்டது, எலும்பும் எலும்பும் உரசுகின்றன, மூட்டை மாற்றுவதே வழி என்று டொக்டர் சொன்னார். சீசன் முடியட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். நோன்புப் பெருநாள் முடிந்தால் ஹஜ்ஜுப் பெருநாள், அது முடிந்தால் தீபாவளி, நத்தார், அப்புறம் சித்திரைப் புதுவருடம். துணிக் கடைக்காரனுக்கு சீசன் எப்போது முடிகிறது?

2020 இல் கொரோனா வந்தது. 2022 இல் பொருளாதார நெருக்கடி. அந்த வருடம் மார்ச் ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. மருந்துத் தட்டுப்பாட்டினால் வைத்தியசாலைகளில் அவசரமில்லாத சத்திரசிகிச்சைகள் பிற்போடப்பட்டன. பெற்றோல் வரிசையில் இரவு முழுக்க வேன் பக்கத்தில் நின்று எனது முழங்கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியது. செயற்கை மூட்டு வெளிநாட்டிலிருந்து வருகின்ற சாமான். அதன் விலை டொலரில்தான். 2019 இல் கேட்ட தொகைக்கும் பிறகு கேட்ட தொகைக்கும் இருந்த வித்தியாசத்தைப் பார்த்தபோது, பொருள் விலை ஏறுமுன் கொள்முதல் செய்ய வேண்டும் என்று ஊருக்கெல்லாம் புத்தி சொன்னவன் நான் என்பது நினைவுக்கு வந்தது.

அந்த ஐந்து வருடமும் நோவுக் குளிசையில் ஓடின. தைலம், பத்து, எண்ணெய்க்கட்டு எல்லாம் பார்த்தாயிற்று. இந்த நோவுக் குளிசைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பாமசியில் சும்மா கேட்டு வாங்கி நாள் தவறாமல் விழுங்குகிறோம். சீனியும் பிரஷரும் உள்ளவர்களுக்கு அவை சிறுநீரகத்தைப் பாதிக்கும், வயிற்றில் புண்ணை உண்டாக்கும். எனது இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகக் கணக்கு ஏறத் தொடங்கிய பிறகுதான் டொக்டர் கண்டிப்பாகப் பேசினார். 2024 இல் நோன்புப் பெருநாளும் புதுவருடமும் ஏப்ரல் மாதத்தில் ஒரே வாரத்தில் வந்து முடிந்தன. மே மாதத்துக்குத் திகதி எடுத்தேன்.

காலுக்கு முன் சீனி

திகதி எடுத்தவுடன் படுக்கவில்லை. மூன்று மாதச் சீனிச் சராசரியைக் காட்டும் ஏ1சி பரிசோதனையில் ஜனவரியிலேயே எனக்கு 9.1 வந்திருந்தது. 8 இற்குக் கீழே வராமல் கத்தி வைக்க மாட்டேன் என்று டொக்டர் சொல்லிவிட்டார். சீனி கூடிய உடம்பில் காயம் ஆறுவது சுணங்கும், கிருமி தொற்றும் அபாயமும் கூடும். செயற்கை மூட்டில் கிருமி தொற்றினால் சில வேளை முழுவதையும் கழற்றி எடுத்துத் திரும்பவும் செய்ய வேண்டிவரும். பல் சொத்தையையும் முன்கூட்டியே பார்க்கச் சொன்னார்கள். அதுவும் கிருமி போகின்ற பாதைதானாம்.

நிறையையும் குறைக்கச் சொன்னார்கள். 91 கிலோவிலிருந்து 84 இற்கு வந்தேன். 2005 இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வின்படி, உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் எடுத்து வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலுக்கு வருகின்ற சுமை நான்கு கிலோ குறைகிறது. ஏழு கிலோவுக்கு 28 கிலோ. நாட்டாமிமார் தலையில் துணிப் பேல் ஏற்றும்போது பார்த்திருக்கிறேன். 28 கிலோ என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். கடைக்கு வரும் ஒவ்வொருவருக்கும் வாங்கிக் கொடுக்கும் பால் தேநீரில் எனக்கும் ஒரு கோப்பை என்ற பழக்கத்தை நிறுத்தியதுதான் நான் செய்த பெரிய வேலை.

சத்திரசிகிச்சை என்றால் முழங்காலையே வெட்டி எடுப்பார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. நானும் அப்படித்தான் பயந்தேன். செய்வது என்னவென்றால், தொடை எலும்பின் அடிநுனியையும் கீழ்க்கால் எலும்பின் மேல்நுனியையும் சில மில்லிமீற்றர் அளவுக்குச் சீவி, பல்லுக்கு உறை போடுவது போல் உலோக உறை போடுகிறார்கள். மேலே பெரும்பாலும் கோபால்ட் குரோமியம், கீழே பெரும்பாலும் டைட்டேனியம் தட்டு, இரண்டுக்கும் இடையில் பொலிஎதிலீன் என்ற கடினமான பிளாஸ்டிக். தேய்ந்துபோன குருத்தெலும்பின் வேலையை அந்தப் பிளாஸ்டிக் செய்கிறது. எத்தனை வருடம் உழைக்கும் என்பதுதான் வியாபாரியின் முதல் கேள்வி. 2019 இல் லான்செட் மருத்துவச் சஞ்சிகையில் வந்த ஆய்வில், முழுமையாக மாற்றப்பட்ட முழங்கால்களில் சுமார் 82 சதவீதமானவை 25 வருடம் கழிந்தும் பாவனையில் இருந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். எனக்கு அப்போது 61 வயது. கணக்கு சரியாக வந்தது.

இடுப்புக்குக் கீழே மட்டும் விறைக்கச் செய்தார்கள். நினைவு இருந்தது. திரைக்கு அந்தப் பக்கம் தட்டுகிற சத்தமும் வாள் ஓடுகிற சத்தமும் கேட்டன. கடை மேல்தட்டில் தச்சர் வேலை நடப்பது போலத்தான் இருந்தது.

படுக்கையில் கடன் கொப்பி

மறுநாள் காலையிலேயே பிசியோதெரபி செய்யும் தங்கச்சி வந்து வாக்கரைக் கையில் தந்து எழும்பச் சொன்னாள். ஒரு கிழமையாவது படுக்கவிடுவார்கள் என்று நினைத்திருந்தேன். படுத்துக் கிடந்தால் காலில் இரத்தம் கட்டியாகி அது நுரையீரலுக்குப் போகும் ஆபத்து இருக்கிறது. அதற்காகத்தான் இரத்தத்தை இளக வைக்கும் மருந்தும், பாதத்தை மேலும் கீழும் அசைக்கும் பயிற்சியும், உடனே நடக்க வைப்பதும். வீட்டுக்குப் போன பிறகு கெண்டைக்காலில் புதிதாக நோவும் வீக்கமும் வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, காயத்திலிருந்து நீர் கசிந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ காலை வரை காத்திருக்கக் கூடாது என்று எழுதித் தந்தார்கள். அந்தத் தாளை எனது மனைவி குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைத்தார்.

ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தேன். கட்டிலைக் கீழே இறக்கியிருந்தார்கள். தரையில் கிடந்த விரிப்புகளை எடுத்து, குளியலறைச் சுவரில் பிடிகம்பி பொருத்தி, கொமட்டுக்கு மேல் உயர்த்தும் ஆசனமும் வைத்தாயிற்று. கால் நோகிறதே என்று மனைவி முழங்காலுக்கு அடியில் மெத்தென்று ஒரு தலையணையும் வைத்தார். அதுதான் பிழை. இரண்டு நாள் கழித்து வந்த பிசியோதெரபித் தங்கச்சி முதல் வேலையாக அந்தத் தலையணையை எடுத்துக் கதிரையில் போட்டாள். "அங்கிள், இப்படி வைத்தால் கால் மடிந்தபடியே இறுகிவிடும். மடக்குவது எவ்வளவு முக்கியமோ நேராக நீட்டுவதும் அவ்வளவு முக்கியம்" என்றாள். தலையணை வேண்டுமென்றால் குதிக்காலுக்கு அடியில் வைக்கலாமாம். அப்படி வைத்தால் எவ்வளவு நோகும் என்பதை நான் இங்கே எழுதப் போவதில்லை.

வைத்தியசாலையிலிருந்து வரும்போது எனது முழங்கால் 70 பாகை மடங்கியது. இரண்டு கிழமையில் 90 வர வேண்டும் என்பது இலக்கு. மாதக்கணக்கில் போதுமான அளவு மடங்காவிட்டால் திரும்பவும் மயக்கி வளைத்துவிட வேண்டிவரலாம் என்று சொன்னது எனக்குப் பெரிய பயம். ஆகவே நாளுக்கு மூன்று நேரம், பயிற்சிக்கு அரை மணித்தியாலத்துக்கு முன் நோவுக் குளிசை, பிறகு துணியில் சுற்றிய ஐஸ் கால் மணித்தியாலம் என்று கடை திறக்கும் ஒழுங்கில் செய்தேன். குதிக்காலைக் கட்டிலில் தேய்த்தபடி பின்னுக்கு இழுத்து மடக்க வேண்டும். ஒரு நேரத்துக்கு இருபது தடவை.

எண்ணுவதற்குப் பக்கத்தில் இருந்தவர் எனது மகள். கணக்கியல் படித்தவர், பிள்ளை பிறந்த பிறகு வேலையை விட்டிருந்தார். மகன் கட்டாரில். மகளுக்கும் கடைக்கும் அதுவரை சம்பந்தமில்லை. புறக்கோட்டைக் கடையில் பொம்பிளைப் பிள்ளைக்கு என்ன வேலை என்று நினைத்தவன் நான்தான். சும்மா எண்ணிக்கொண்டிருப்பதற்குப் பதிலாக, கணக்கப்பிள்ளை கொண்டுவந்து வைத்த கடன் கொப்பியைத் திறந்து, ஒரு மடக்குக்கு ஒரு வரி வாசிக்கத் தொடங்கினார்.

"வாப்பா, 'கம்பளை மொட்டை, 86,500' எண்டு ஈக்கி. இது யாரு?"

சொன்னேன்.

"'பழைய ஆள், மிச்சம் 40,000'. எந்தப் பழைய ஆள்?"

அதற்கு நான் காலை மடக்கி வைத்தபடியே யோசிக்க வேண்டியிருந்தது.

எங்கள் கடன் கொப்பியில் 217 வரிகள் இருந்தன. மகள் கேட்கக் கேட்க நான் விலாசமும் தொலைபேசி இலக்கமும் சொல்ல, அவர் கணினியில் ஏற்றினார். 176 பேரை நான் சொன்னேன். 41 வரிகள் யாருடையவை என்று எனக்கும் தெரியவில்லை, இருபத்து நான்கு வருடம் என்னோடு இருக்கும் கணக்கப்பிள்ளைக்கும் தெரியவில்லை. மேசை லாச்சியில் 9 செக்குகள் கிடந்தன, எல்லாம் திகதியிலிருந்து ஆறு மாதம் கடந்தவை. "இப்ப போட வேண்டாம் முதலாளி, நான் சொல்றன்" என்று கேட்டுக்கொண்டவர்களின் முகத்துக்காக வைத்திருந்தவை. ஆறு மாதம் தாண்டிய செக்கை வங்கி ஏற்காது என்பது எனக்குத் தெரியாத விடயமல்ல.

மயக்கத்திலிருந்து நான் எழும்பாமல் போயிருந்தால் இந்தச் சல்லி யாருக்கு? இந்தக் கேள்வியை மகள் கேட்கவில்லை. ஆனால் 41 ஆவது வரியில் அவர் கொப்பியை மூடிவைத்த விதத்தில் அது இருந்தது.

திரும்பி வந்த செக்

கால் வருத்தத்தை நான் சந்தையில் மறைத்திருந்தேன். ஏன் என்று வியாபாரிகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் கடன் எல்லாம் காகிதத்தில் ஓடுவதில்லை, கதிரையில் இருக்கும் ஆளின் முகத்தில் ஓடுகிறது. முதலாளி ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லுமாறு கடையில் சொல்லியிருந்தேன். மூன்று மாதத்துக்குத் தேவையான செக்குகளில் முன்கூட்டியே கையொப்பம் வைத்துக் கொடுத்துவிட்டும் போனேன். வெற்றுச் செக்கில் கையொப்பம் வைப்பது எவ்வளவு புத்தியில்லாத வேலை என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. எனது கணக்கப்பிள்ளை நல்ல மனிதர், அதனால் தப்பினேன்.

ஒன்று மட்டும் விடுபட்டுப் போயிருந்தது. மே கடைசியில் ஒரு பெரிய விநியோகஸ்தருக்குக் கொடுக்க வேண்டிய செக். கணக்கப்பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். சத்திரசிகிச்சை முடிந்து பத்தாம் நாள். இரவு முழுக்கத் தூக்கமில்லை. வைத்தியசாலையில் தந்த வீரியமான நோவுக் குளிசையின் அசதி வேறு. படுத்தபடி புத்தகத்தின் மேல் வைத்துக் கையொப்பம் வைத்தேன்.

கையொப்பம் வேறுபடுகிறது என்று அந்தச் செக் திரும்பிவிட்டது. 2006 முதல் எங்கள் நாட்டில் வங்கிகளுக்கிடையே செக் நேரில் போவதில்லை, அதன் படம்தான் போகிறது. அடுத்த வேலை நாளே முடிவு தெரிந்துவிடும். முன்பென்றால் இடையில் ஒரு வார்த்தை பேசிச் சமாளிக்க நாட்கள் கிடைக்கும். முப்பத்தெட்டு வருடத்தில் எங்கள் கடைப் பெயரில் திரும்பிய முதல் செக் அது.

வங்கியில் பிழையில்லை. அவர்கள் தங்கள் வேலையைச் செய்தார்கள். அன்று பின்னேரமே தெருவில் கதை பரவியது. முதலாளிக்குப் பாரிசவாதமாம், கை விளங்காதாம், அதனால்தான் ஒளித்து வைத்திருக்கிறார்களாம். நான் சொல்லி வைத்த பொய்தான் அந்தக் கதைக்குக் கால் கொடுத்தது. ஊருக்குப் போனவனின் கையொப்பம் ஏன் நடுங்க வேண்டும்? மூன்று விநியோகஸ்தர்கள் இனி காசுக்குத்தான் சாமான் என்றார்கள். ஒருவர் கொடுத்த சாமானைத் திருப்பி எடுக்க லொறியையே அனுப்பிவிட்டார். பதினைந்து வருடம் என்னுடன் கொடுக்கல் வாங்கல் செய்தவர். பெயர் எழுதப் போவதில்லை. அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேனோ என்று பிறகு யோசித்தேன்.

பத்தொன்பதாம் நாள், வாக்கருடன் வேனில் ஏறி வங்கிக்குப் போனேன். வேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். வங்கி வாசலில் நான்கு படிகள். படி ஏறுவதற்குப் பிசியோதெரபியில் ஒரு சூத்திரம் சொல்லித் தருவார்கள்: ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வருத்தக் கால் முதலில். அதைக் கலிமா மாதிரி மனதுக்குள் சொல்லிக்கொண்டு மகளின் தோளைப் பிடித்து ஏறினேன். முகாமையாளர் எழுந்து வந்து கதிரை போட்டார். அங்கேயே உட்கார்ந்து, கணக்கில் இரண்டாவது கையொப்பமாக மகளின் பெயரைச் சேர்த்தேன். பெறுமதிக்கு ஓர் உச்சவரம்பும் போட்டோம். அற்றோர்ணித் தத்துவம் எழுத வேண்டுமா என்று ஒரு சட்டத்தரணியிடமும் விசாரித்திருந்தேன். வங்கிக் கணக்குக்கு மட்டும் என்றால் வங்கிக்குக் கொடுக்கும் அதிகாரக் கடிதமே போதும், காணி பூமி விடயங்கள் இருந்தால்தான் நொத்தாரிசு மூலம் எழுதிப் பதிவு செய்ய வேண்டும் என்றார். அரை மணித்தியால வேலை. முப்பது வருடமாகச் செய்யவில்லை.

வங்கியில் என்னைப் பார்த்தவர்கள் ஐந்தாறு பேராவது இருக்கும். வாக்கர், வீங்கிய கால், எல்லாம் வெளியே வந்துவிட்டது. மறைத்தபோது வராத ஒன்று அதன் பிறகு வந்தது. கேள்வி வந்தது, ஆறுதல் வந்தது. மூன்றாம் குறுக்குத் தெருவில் ஒரு விநியோகஸ்தர் தொலைபேசி எடுத்து, "நாநா, எந்த டொக்டர்? எனக்கும் ரெண்டு காலும் ஏலாது" என்று கேட்டுவிட்டு, பழைய தவணைக்கே சாமான் அனுப்புவதாகச் சொன்னார். அந்தக் கிழமைதான் கம்பளை நண்பர் ஒரு சீப்பு ஆனமாலு வாழைப்பழத்துடன் நோய் விசாரிக்க வந்து, 86,500 ரூபாவையும் எண்ணி மகளின் கையில் கொடுத்தார். அவருக்குக் கொப்பியில் என்ன பெயர் இருந்தது என்பதை மகள் காட்டிக்கொடுக்கவில்லை.

எல்லோரும் அப்படியில்லை. நான் படுத்திருந்த மூன்று மாதத்தில் கடைப் பக்கம் வராமல் வேறு கடையில் வாங்கத் தொடங்கியவர்களும் உண்டு. ஆகப் பெரிய கடன்காரர் அவர்களில் ஒருவர். அது இன்னும் இழுபடுகிறது.

மேல்மாடியில் இருந்தது

நான் சொல்ல வந்த முக்கியமான விடயம் இனித்தான்.

கடன் கொப்பி முடிந்ததும் மகள் சரக்குக் கணக்கு எடுக்க விரும்பினார். பிள்ளையை உம்மாவிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போய், கணக்கப்பிள்ளையுடன் மேல்மாடிக் களஞ்சியத்தை இரண்டு நாள் எண்ணினார். இரண்டாம் நாள் பின்னேரம் வட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. பின்சுவரோரம், உடைந்த அலுமாரிக்குப் பின்னால், பிரிக்கப்படாத 14 பேல் படுக்கை விரிப்புத் துணி. 2019 விலைச் சீட்டு இன்னும் ஒட்டியிருந்தது.

டொலர் 180 ரூபா அளவில் இருந்த காலத்துச் சாமான். 2022 இல் துணி விலை எகிறி, ஒரு யார் துணிக்கு வியாபாரிகள் அலைந்தபோது அது எனது தலைக்கு மேலேயே கிடந்தது. நானும் மற்றவரிடம் கூடிய விலைக்கு வாங்கித்தான் விற்றேன். ஏன் தெரியவில்லை? 2020 இற்குப் பிறகு நான் மேலே ஏறவில்லை. கால் நோகிறது என்று பொடியன்மாரை அனுப்பினேன். அவர்கள் கேட்டதை எடுத்து வந்தார்கள். கேட்காததை யார் சொல்வார்? சில பேல்களில் ஈரம் பட்டுக் கறுப்புப் புள்ளி விழுந்திருந்தது. அவற்றைக் கழிவு விலைக்கு விற்றோம்.

அன்று இரவு படுத்தபடி அந்த ஐந்து வருடக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். கண்டி, மாத்தளை, கம்பளைப் பக்கம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை நேரில் போய்க் கடன் அறவிடுவது வழக்கம். வேனில் நான்கு மணித்தியாலம் காலை மடக்கி உட்கார ஏலாது என்று நிறுத்தினேன். 41 பெயரில்லாத வரிகளில் பெரும்பாலானவை அந்த நிறுத்தத்துக்குப் பிறகு வந்தவை. கொள்முதலுக்கு நாலு கடை ஏறி இறங்கி விலை கேட்பதையும் விட்டேன். கடை வாசலுக்கு வருபவரிடம் வாங்கினேன், அவர் சொன்ன விலைக்கு. நோவு கூடிய நாட்களில் வாடிக்கையாளரிடம் எரிந்து விழுந்ததையும் சேர்க்க வேண்டும், அதற்கு ரூபாக் கணக்கு இல்லை. உண்மையில் அந்தக் கடையின் முதலாளி நானல்ல, எனது வலது முழங்கால். எங்கே போவது, யாரிடம் வாங்குவது, எப்போது கடை அடைப்பது எல்லாவற்றையும் அதுதான் தீர்மானித்திருக்கிறது.

சத்திரசிகிச்சைக்கு எவ்வளவு செலவு என்றுதான் எல்லோரும் என்னிடம் கேட்கிறார்கள். அரசாங்க வைத்தியசாலையில் பணம் கட்டாமல் செய்துகொண்டவர்களும் இருக்கிறார்கள். காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். தனியாரில் என்றால் பெரிய தொகை, மறுக்கவில்லை. ஆனால் செய்யாமல் இருந்த ஐந்து வருடத்துக்கு எவ்வளவு செலவு என்று ஒருவரும் கேட்பதில்லை. எனது கணக்கில் அந்த 14 பேலும் பெயரில்லாத 41 வரிகளும் மட்டுமே வைத்தியசாலைக் கட்டணத்தைத் தாண்டிவிட்டன.

இதற்காக எல்லோரும் ஓடிப்போய் மாற்றுங்கள் என்று சொல்ல மாட்டேன். உடற்பயிற்சியாலும் நிறை குறைப்பாலும் வருடக்கணக்கில் தள்ளிப்போட முடிந்தவர்கள் இருக்கிறார்கள். மாற்றிக்கொண்டவர்களிலும் ஐந்து பேரில் ஒருவர் அளவுக்கு எதிர்பார்த்த திருப்தி இல்லை என்பதை டொக்டர் முன்கூட்டியே சொன்னார். அதைச் சொன்னதால்தான் அவர் மேல் நம்பிக்கை வந்தது. குறையைச் சொல்லி விற்பவனிடம் சாமான் வாங்கலாம்.

ஆறு கிழமையில் 105 பாகை வந்தது. வாக்கரை விட்டு ஊன்றுகோலுக்கு மாறினேன். எட்டாம் கிழமையில் கடைக்கு அரை நாள் போனேன், மூன்றாம் மாதம் முழுநாள். உட்கார்ந்து வேலை செய்பவர்கள் இன்னும் கெதியாகப் போகலாம். என் போல் நிற்பவர்கள் மூன்று மாதத்தைக் கணக்கில் வைக்க வேண்டும். ஆறு மாதம் வரை பின்னேரங்களில் கால் வீங்கியது. தழும்பின் வெளிப்பக்கத்தில் ஒரு கையளவு இடம் இன்னும் மரத்திருக்கிறது. நடக்கும்போது சில வேளை டக் என்று சத்தம் வரும். இவையெல்லாம் வழமை என்று சொன்னார்கள். காசு லாச்சிக்குப் பக்கத்தில் உயரமான ஒரு கதிரை போட்டிருக்கிறேன். வாப்பாவின் படத்துக்குக் கீழேதான். முதல் நாள் கூச்சமாக இருந்தது.

இழந்ததும் உண்டு. எனது முழங்கால் இப்போது 115 பாகை மடங்கும். குதிக்காலின் மேல் உட்கார 150 பாகை அளவில் மடங்க வேண்டும். செயற்கை மூட்டுக்கு அது பெரும்பாலும் கிடைப்பதில்லை. கலியாண வீட்டில் சஹனைச் சுற்றித் தரையில் உட்கார முடியாது. முழங்கால்காரர்களுக்கு என்று மூலையில் ஒரு மேசை போடுகிறார்கள், அங்கே போனால் பாதிப் புறக்கோட்டையும் இருக்கிறது. பள்ளியில் ஸஃப்பின் ஓரத்தில் கதிரையில் தொழுகிறேன். முதல் ஜும்ஆவில் எல்லோரும் ஸுஜூதுக்குப் போக, நான் மட்டும் கதிரையில் இருந்து குனிந்தபோது நெஞ்சு அடைத்தது. நோவோடு தொழுத காலத்தில் எத்தனையோ தொழுகையை அவசரமாக முடித்திருக்கிறேன் என்பதும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

மகள் கிழமைக்கு மூன்று நாள் கடைக்கு வருகிறார். புதிய கடன் யாருக்குக் கொடுத்தாலும் பெயர், விலாசம், தொலைபேசி இலக்கம், தவணை நான்கும் இல்லாமல் கணினி ஏற்காது என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லி வைத்திருக்கிறார். அவர் என்னிடம் வந்து, "முதலாளி, நம்ம கம்பளை ஆளுக்கும் விலாசம் கேக்கிறாங்க" என்று முறையிட்டார். கொடுக்கச் சொன்னேன். செக்குகள் திகதி வாரியாக ஒரு கோவையில் இருக்கின்றன. போட வேண்டிய நாளுக்கு முதல் நாள் கொடுத்தவருக்கு அறிவித்தல் போகிறது. இரண்டு பேர் அதற்குக் கோபித்துக்கொண்டார்கள்.

மேல்மாடிக்கும் போய் வந்தேன், ஐந்தாம் மாதத்தில். ஏறும்போது நல்ல கால், இறங்கும்போது வருத்தக் கால். 19 படிக்கும் கால் மணித்தியாலம் எடுத்தது. இடது முழங்காலுக்கும் எக்ஸ்ரே எடுத்தாயிற்று, அதுவும் வலதின் கதைதான். சீசன் முடியட்டும் என்று டொக்டரிடம் சொல்ல வாயெடுத்தேன். பக்கத்தில் இருந்த மகள் கைப்பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்து, எந்தத் திகதி வசதி என்று அவரிடம் கேட்டார்.